அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்? அமெரிக்கத் தேர்வாளர் முறையில் கோளாறு இருக்கும் இடம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர் ஆகாமல் போவது எப்படி? இடையில் இருக்கும் எலெக்டோரல் காலேஜ் என்ற தேர்வாளர் குழுவை எடுத்துவிட்டு நேரடியாக ஓட்டை எண்ணினால் என்ன?

ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தேர்வாளர் என்ற ஆட்கள்; மக்கள் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடுபவர்கள் இவர்கள். இரண்டு, எந்த மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் என்ற பங்கீடு. மூன்று, மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களும் அவருக்கே போவது. முதல் இரண்டும் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டவை. மூன்றாவது அதில் எங்குமே இல்லை. அது அந்தந்த மாநிலச் சட்டம். விவாதம் முழுக்க முதல் இரண்டைச் சுற்றியே நடக்கிறது. சேதம் பெரும்பாலும் மூன்றாவதில் இருந்து வருகிறது என்பது என் கருத்து. அதற்கான கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் நடைமுறை. ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ, அதோடு மேலவையான செனட்டின் 2 இடத்தைக் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை. பிரதிநிதிகள் 435, செனட்டர்கள் 100, அதோடு 1961இல் வந்த 23ஆவது திருத்தப்படி தலைநகர் வாஷிங்டனுக்கு 3; மொத்தம் 538. வெற்றிக்கு 270 வேண்டும். செனட்டரோ, பிரதிநிதியோ, மத்திய அரசுப் பதவியில் இருப்பவரோ தேர்வாளர் ஆக முடியாது. கட்சிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் தங்கள் ஆட்களின் பட்டியலைக் கொடுத்து வைக்கின்றன. நவம்பரில் மக்கள் ஓட்டுப் போடும்போது சீட்டில் அதிபர் வேட்பாளரின் பெயர் இருந்தாலும், சட்டப்படி தேர்ந்தெடுக்கப்படுவது அந்தப் பட்டியல்தான்.

2024 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5இல் மக்கள் ஓட்டு. மாநில ஆளுநர் "இவர்கள்தான் எங்கள் தேர்வாளர்கள்" என்று சான்று தரக் கடைசி நாள் டிசம்பர் 11. தேர்வாளர்கள் கூடியது டிசம்பர் 17. அவர்கள் ஒரே இடத்தில் கூடுவதே கிடையாது. அந்தந்த மாநிலத் தலைநகரில் கூடி, அதிபருக்குத் தனியாகவும் துணை அதிபருக்குத் தனியாகவும் ஓட்டுப் போட்டு, ஆறு சான்றிதழ்களில் கையெழுத்திடுகிறார்கள். அதில் ஒன்று செனட் தலைவரான துணை அதிபருக்குப் போகிறது. மற்றவை தேசிய ஆவணக் காப்பகம், மாநிலத் தேர்தல் அதிகாரி, மாவட்ட நீதிபதி என்று பிரிந்து போகின்றன, ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. ஜனவரி 6இல் இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்திருக்க, மஹோகனி மரப் பெட்டிகளில் வரும் அந்தத் தாள்களைப் பிரித்துப் படித்து எண்ணுகிறார்கள். 2021 ஜனவரி 6 அன்று கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தபோது செனட் ஊழியர்கள் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியது இந்தப் பெட்டிகளைத்தான்.

தேர்வாளர்கள் என்ற ஆட்களால் ஆபத்து உண்டா? உண்டு, ஆனால் சின்ன ஆபத்து. 2004இல் மினசோட்டா தேர்வாளர் ஒருவர் அதிபர் சீட்டில் ஜான் கெர்ரி என்று எழுதுவதற்குப் பதில் துணை அதிபர் வேட்பாளரின் பெயரை எழுதினார், அதையும் எழுத்துப் பிழையோடு, எட்வர்ட்ஸுக்குப் பதில் "எவர்ட்ஸ்" என்று. ரகசிய ஓட்டு என்பதால் யார் எழுதியது என்று தெரியவில்லை. அந்த ஒரு ஓட்டு அப்படியே கணக்கில் ஏறியது. 2016இல் 7 பேர் தங்கள் கட்சி வேட்பாளரை விட்டு வேறு பெயருக்கு ஓட்டுப் போட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அப்படிச் செய்தவர்களுக்குத் தலைக்கு 1,000 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலையில் நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில், மாநிலம் தேர்வாளரைக் கட்டுப்படுத்தலாம், தண்டிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விவரம் தெரிந்த சிலர் கூடி நாட்டுக்கு நல்லவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அரசியல் சட்டம் எழுதிய 1787இல் நினைத்த யோசனை சட்டப்படியும் அன்றோடு முடிந்தது. இன்று அவர்கள் மாநில முடிவைச் சுமந்து வரும் தபால்காரர்கள்.

அடுத்து பங்கீடு. 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மக்கள் தொகை 5.77 லட்சம், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3.95 கோடி, தேர்வாளர்கள் 54. வயோமிங்கில் 1.92 லட்சம் பேருக்கு ஒருவர், கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். அநியாயம்தான். எல்லோரும் கைகாட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் முடிவு மாறியதற்கு இதுதான் காரணமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: செனட்டுக்காகக் கிடைக்கும் அந்த 2ஐ எல்லா மாநிலங்களிலும் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். மொத்தம் 436 ஆகும்.

2000ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் புஷ் 271, ஜனநாயகக் கட்சியின் கோர் 267 (அதில் ஒருவர் வெற்றுச் சீட்டு போட்டதால் பதிவானது 266). புஷ் வென்றவை 30 மாநிலங்கள், அதாவது 60 கழியும்: 211. கோர் வென்றவை 20 மாநிலங்களும் தலைநகரும், 42 கழியும்: 225. கோர் ஜெயித்திருப்பார். ஆக 2000இல் சின்ன மாநிலச் சலுகை முடிவையே மாற்றியது உண்மை.

இப்போது 2016. குடியரசுக் கட்சியின் டிரம்ப் 306, ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் 232 (வேறு பெயருக்குப் போட்ட 7 பேரையும் அவரவர் கட்சிக்கே எண்ணி). டிரம்ப் வென்றவையும் 30 மாநிலங்கள். 60ஐக் கழித்தால் 246. கிளின்டனுக்கு 190. சலுகையை முழுக்க எடுத்துவிட்டாலும் டிரம்ப் வசதியாக ஜெயிக்கிறார். ஆனால் மக்கள் ஓட்டில் கிளின்டன் சுமார் 28.7 லட்சம் முன்னால் இருந்தார். அந்த 28.7 லட்சம் எங்கே போனது? மிஷிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292; மூன்றையும் சேர்த்தால் 78 ஆயிரத்தைத் தொடாத வித்தியாசம், 46 தேர்வாளர்களையும் ஒரே பக்கம் கொண்டுபோனது. வயோமிங்குக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இது ஒரு கட்சிக்கு மட்டும் நேரும் கேடு என்று நினைக்க வேண்டாம். 2004இல் புஷ் 30 லட்சம் ஓட்டு முன்னால் இருந்தார். ஓஹையோவில் மட்டும் சுமார் 60,000 பேர் மாற்றிப் போட்டிருந்தால் கெர்ரி அதிபர். 2020இல் பைடன் 70 லட்சம் முன்னால். ஆனால் அரிசோனா 10,457, ஜார்ஜியா 11,779, விஸ்கான்சின் 20,682 என்ற மூன்று வித்தியாசங்களும் திரும்பியிருந்தால் 269க்கு 269. அதே 2020இல் டிரம்புக்கு டெக்சஸில் விழுந்ததைவிடக் கலிபோர்னியாவில் விழுந்த ஓட்டு அதிகம், 60 லட்சம். அத்தனைக்கும் கிடைத்த தேர்வாளர் பூஜ்யம். டெக்சஸில் பைடனுக்குப் போட்ட 52 லட்சம் பேருக்கும் பூஜ்யம். இந்த அநியாயத்தைக் கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி வாக்காளரும் டெக்சஸின் ஜனநாயகக் கட்சி வாக்காளரும் சமமாக அனுபவிக்கிறார்கள்.

சரி, வென்றவருக்கே எல்லாம் என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இது. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். அரசியல் சட்டம் சொல்வது, தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கட்டும் என்பது மட்டுமே. ஆரம்பத்தில் சில மாநிலங்களில் சட்டமன்றமே நியமித்தது, சில இடங்களில் மாவட்டவாரியாக மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1796 அதிபர் தேர்தலில் ஜான் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. ஜெஃபர்சனின் கோட்டையான வர்ஜீனியாவில் மாவட்ட முறை இருந்ததால் ஒரு தேர்வாளர் ஆடம்ஸுக்குப் போனார். வட கரோலினாவிலும் ஒருவர். அந்த இரண்டும் கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் ஜெஃபர்சன் 70, ஆடம்ஸ் 69. கணக்கு இவ்வளவு நெருக்கம்.

பாடம் உடனே புரிந்துவிட்டது. 1800 ஜனவரியில் ஜெஃபர்சன் வர்ஜீனியா ஆளுநர் மன்றோவுக்கு எழுதிய கடிதத்தின் சாரம்: எல்லா மாநிலங்களும் செய்தால் மாவட்ட முறையே சிறந்தது, ஆனால் மற்ற மாநிலங்கள் மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் மட்டும் பிரித்துக் கொடுப்பது மடத்தனம். அந்த ஆண்டே வர்ஜீனியா மொத்தப் பட்டியல் முறைக்கு மாறியது. ஆடம்ஸின் மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா? மக்களிடம் இருந்து அந்த உரிமையை எடுத்துச் சட்டமன்றத்தின் கையில் கொடுத்து, எல்லாத் தேர்வாளரையும் ஆடம்ஸுக்கே உறுதி செய்தது. இப்படி ஒன்றைப் பார்த்து ஒன்று மாறி, 1836க்குள் தென் கரோலினாவைத் தவிர எல்லா மாநிலங்களும் வென்றவருக்கே எல்லாம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. தென் கரோலினாவில் உள்நாட்டுப் போர் வரை சட்டமன்றமே நியமித்தது. 1823இல் மேடிசன் ஒரு கடிதத்தில், அரசியல் சட்டத்தை எழுதும்போது பெரும்பாலும் மாவட்ட முறையையே மனதில் வைத்திருந்தோம் என்று எழுதினார். ஆகவே "முன்னோர் வகுத்த முறை" என்று இன்று சொல்லப்படுவது முன்னோர் வகுத்ததே அல்ல. மாநிலங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில் வந்து சேர்ந்தது.

அடிமை முறைக்காகத்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்ற வாதமும் உண்டு. பாதி உண்மை. 1787 ஜூலை 19 அன்று மேடிசன் அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார்: மக்களே தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம், ஆனால் வாக்குரிமை வடக்கில் பரவலாக இருக்கிறது, தெற்கு தன் கறுப்பின மக்களின் எண்ணிக்கையால் எந்தச் செல்வாக்கும் பெற முடியாது; தேர்வாளர் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் கணக்கு இப்படி அதிபர் தேர்தலுக்குள் நுழைந்தது. 1800 கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவின் சுதந்திர மக்கள் தொகை வர்ஜீனியாவைவிட அதிகம். அதன்பின் கிடைத்த தேர்வாளர்களோ பென்சில்வேனியாவுக்கு 20, வர்ஜீனியாவுக்கு 24. மீதிப் பாதி, அன்றைய பயங்கள்: இவ்வளவு பெரிய நாட்டில் தூரத்து வேட்பாளரை மக்களுக்குத் தெரியுமா என்ற பயம், காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தால் அதிபர் அதற்கு அடங்கிப் போவாரே என்ற பயம். இவை எதுவும் இன்று இல்லை. தோற்றம் கெட்டது என்பதற்காக மட்டும் ஒரு முறையைத் தள்ள வேண்டியதில்லை. இன்று என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

ஆதரவாளர்களின் வாதங்களில் "சின்ன மாநிலங்களைக் காக்கிறது" என்பது நிற்காது. 3 அல்லது 4 தேர்வாளர்கள் உள்ள மாநிலங்களில் நியூ ஹாம்ப்ஷயரைத் தவிர மற்றவற்றின் பக்கம் பிரசார விமானங்கள் திரும்புவதே அபூர்வம், ஏனென்றால் அங்கே முடிவு முன்பே தெரியும். கவனம் கிடைப்பது சின்ன மாநிலத்துக்கு அல்ல, இழுபறி மாநிலத்துக்கு. 2024இல் அவை ஏழு: பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. இந்தப் பட்டியலில் வயோமிங்கும் வெர்மாண்டும் இல்லை.

மதிப்புக் கொடுத்துக் கேட்க வேண்டிய வாதம் வேறொன்று: தகராறு வந்தால் அது ஒரு மாநிலத்துக்குள் அடங்கும். 2000இல் சண்டை ஃபுளோரிடாவில், 537 ஓட்டில். நாடு முழுக்க ஒரே எண்ணிக்கை என்றால், நெருக்கமான தேர்தலில் எல்லா மாநிலங்களிலும் மறு எண்ணிக்கை கேட்பார்கள்; அமெரிக்காவிலோ நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஒரே அமைப்பு கிடையாது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாநிலத்துக்குள்ளேயே கவுண்டி என்ற உள்ளூர்ப் பகுதிக்குப் பகுதி மாறும். இது உண்மையான சிக்கல். ஆனால் மறுபக்கமும் உண்டு: 2000இல் நாடு தழுவிய வித்தியாசம் 5.44 லட்சம், எந்த மறு எண்ணிக்கையும் அதைத் தொடாது. ஒரே பெரிய கூட்டலில் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். 51 தனித்தனிக் கூட்டல்களாக உடைத்தால் ஏதோ ஒன்றில் மயிரிழை வித்தியாசம் வரும் வாய்ப்பு கூடுகிறது. தகராறை அடக்கும் முறையே தகராறை உண்டாக்கவும் செய்கிறது.

மாற்று வழிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் எங்கே உடைகிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

மாவட்ட முறை மேய்னில் 1972 முதலும் நெப்ராஸ்காவில் 1992 முதலும் இருக்கிறது: மாநிலம் முழுவதிலும் வென்றவருக்கு 2, ஒவ்வொரு தொகுதியிலும் வென்றவருக்கு ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொகுதி எல்லையை வரைவது மாநிலச் சட்டமன்றம். 2012இல் பென்சில்வேனியாவில் ஒபாமா ஜெயித்தார். அங்குள்ள 18 தொகுதிகளில் 13இல் ராம்னி முன்னிலை. நாடு முழுக்க மாவட்ட முறை இருந்திருந்தால், ஏறத்தாழ 50 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கிய ராம்னி அதிபர் ஆகியிருப்பார். ஆகவே இது மருந்தல்ல, நோயை இன்னும் உள்ளே கொண்டுபோவது.

விகிதாசார முறையில் மாநிலத்தின் தேர்வாளர்களை ஓட்டு சதவீதப்படி பிரிக்கலாம். 3 தேர்வாளர் உள்ள மாநிலத்தில் 60க்கு 40 என்று ஓட்டு விழுந்தால் 2க்கு 1. 51க்கு 49 என்று விழுந்தாலும் 2க்கு 1. முழு எண்ணாகப் பிரிக்கும்வரை இந்தக் கோணல் இருக்கும். பெரிய மாநிலங்களில் மூன்றாம் கட்சி சில தேர்வாளர்களைப் பிடித்துவிடும். பிறகு யாருக்கும் 270 கிடைக்காது.

270 கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? முறையின் மிக மோசமான மூலை அதுதான். முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், அதுவும் தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, மாநிலத்துக்கு ஒன்று. கலிபோர்னியாவின் 52 பேரும் சேர்ந்து ஒரு ஓட்டு; வயோமிங்கின் ஒரே உறுப்பினர் ஒரு ஓட்டு. 26 வேண்டும். தலைநகர் வாஷிங்டனுக்கு இதில் இடமே இல்லை. 1824இல் ஜாக்சன் 99, ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, கிராஃபர்ட் 41, கிளே 37. சபை கூடி 24 மாநிலங்களில் 13இன் ஆதரவோடு இரண்டாம் இடத்தில் இருந்தவரை அதிபர் ஆக்கியது. இந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

முழு ஒழிப்புக்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு, பிறகு 38 மாநிலங்கள். 13 மாநிலங்கள் மறுத்தால் கதை முடிந்தது. நெருங்கியது ஒரே தடவை. 1968இல் மூன்றாம் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர்களைப் பிடித்து, யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் செய்து பேரம் பேசத் திட்டமிட்டதைப் பார்த்து நாடே மிரண்டது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை நேரடித் தேர்தல் திருத்தத்தைப் பெருவாரியாக நிறைவேற்றியது: குறைந்தது 40 சதவீதம் வாங்கி முதலில் வருபவர் அதிபர், இல்லாவிட்டால் முதல் இருவருக்கு இடையே இரண்டாம் சுற்று. 1970இல் செனட்டில் தென் மாநில உறுப்பினர்களும் சின்ன மாநில உறுப்பினர்களும் பேசியே இழுத்தடித்தார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. அன்றைய விதிப்படி அதற்கும் மூன்றில் இரண்டு வேண்டும். அங்கேயே செத்தது.

அந்த 40 சதவீத விதியைக் கவனியுங்கள். "அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர்" என்று மட்டும் எழுதினால், ஐந்து பேர் போட்டியிட்டு 28 சதவீதத்தில் ஒருவர் வந்துவிடலாம். பிரான்ஸ் 1962இல் தேர்வாளர் குழுவைக் கைவிட்டபோது இரண்டு சுற்று வைத்தது. இலங்கையில் விருப்ப வரிசை, அதாவது வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம். 2024இல் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்தது. நேரடித் தேர்தல் கேட்பவர்கள் இதில் எதைக் கேட்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

இந்தியாவிலும் குடியரசுத் தலைவரைத் தேர்வாளர் குழுதானே தேர்ந்தெடுக்கிறது என்று சிலர் ஒப்பிடுகிறார்கள். ஒப்பீடு பொருந்தாது. இங்கே தேர்வாளர்கள் நாம் வேறொரு வேலைக்காகத் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், ஓட்டின் மதிப்பு மக்கள் தொகைக் கணக்கில் எடை போடப்படுகிறது, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருக்கு 176, சிக்கிமில் 7. ஒரு மாநிலத்தின் ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் போவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்சி அதிகாரம் அந்தப் பதவியில் இல்லை, பிரதமரிடம் இருக்கிறது.

இப்போது அமெரிக்காவில் நடப்பில் உள்ள முயற்சி, மாநிலங்களுக்கு இடையிலான மக்கள் வாக்கு ஒப்பந்தம். சேரும் மாநிலங்கள் தங்கள் தேர்வாளர்களை நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்குக் கொடுக்கும். ஆனால் சேர்ந்த மாநிலங்களின் மொத்தம் 270ஐத் தொட்ட பிறகே அமலுக்கு வரும். 2007இல் மேரிலாண்ட் தொடங்கியது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகரும், 209. அந்த 270 நிபந்தனைதான் இதன் புத்திசாலித்தனம்: ஜெஃபர்சன் சொன்ன மடத்தனத்தை எந்த மாநிலமும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பலவீனங்களும் உண்டு. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் போடக் காங்கிரஸின் அனுமதி வேண்டும் என்ற அரசியல் சட்டப் பிரிவை வைத்து வழக்கு வரும். தேசிய மொத்தம் என்று அதிகாரபூர்வமாக யாரும் சான்று தருவதில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலம் எண்ணிக்கையில் ஒத்துழைக்க மறுத்தால் சிக்கல். தேர்தல் ஆண்டின் ஜூலை 20க்குப் பிறகு விலக முடியாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது சோதிக்கப்படவில்லை. 2024 வரை சேர்ந்த எல்லாமே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் மாநிலங்கள் என்பது எல்லாவற்றிலும் பெரிய பலவீனம்.

எண்ணும் கட்டத்தில் மட்டும் ஒரு நல்ல பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் கையெழுத்திட்டால் ஒரு மாநிலத்தின் ஓட்டையே ஆட்சேபிக்கலாம். 2022 டிசம்பரில் வந்த சட்டம் அதை ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தியது, துணை அதிபருக்குத் தாளைத் திறந்து எண்ணச் செய்யும் சடங்கு வேலை மட்டுமே என்று எழுதி வைத்தது.

மற்றபடி 1800இன் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. 2024இல் ஓமஹா நகரம் உள்ள நெப்ராஸ்காவின் இரண்டாம் தொகுதி ஜனநாயகக் கட்சிக்குப் போகும் என்று தெரிந்ததும், வென்றவருக்கே எல்லாம் என்ற விதிக்குத் திரும்பச் சொல்லி அந்த மாநிலத்தின் மீது குடியரசுக் கட்சியிடமிருந்து நெருக்கடி வந்தது. நீங்கள் மாறினால் நாங்களும் மாறுவோம் என்று மேய்னில் ஆளும் ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஒருவர் ஏப்ரலிலேயே எச்சரித்தார். செப்டம்பரில் ஓமஹாவைச் சேர்ந்த மாநில செனட்டர் மைக் மெக்டானல் சம்மதிக்க மறுத்ததால் சட்டமன்றத்தில் எண்ணிக்கை கூடவில்லை. ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டப் போவதில்லை என்று அறிவித்தார். நவம்பரில் நெப்ராஸ்கா குடியரசுக் கட்சிக்கு 4, ஜனநாயகக் கட்சிக்கு 1 என்றும், மேய்ன் ஜனநாயகக் கட்சிக்கு 3, குடியரசுக் கட்சிக்கு 1 என்றும் பிரிந்தன, ஒன்றின் இழப்பை மற்றொன்று சரிக்கட்டியபடி.